எரியாத புத்தகங்கள்

"இது முழுப் பித்தலாட்டம்!" மஹிமா கையிலிருந்த பாடப்புத்தகத்தைப் பாயில் போட்டாள். சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்த குழந்தைகள் கப்சிப்பென்று ஆகிவிட்டார்கள்.

கால்வாயோரக் குடிசைகள் எரிந்து சாம்பலான பிறகு, அங்கேயே தார்ப்பாய்க் கொட்டகையில் நடக்கும் தற்காலிகப் பள்ளி அது. இப்படிப்பட்ட பேரிடர்ப் பள்ளிகள் தர விதிகளின்படி நடக்கின்றனவா என்று மதிப்பிடுவது மஹிமாவின் வேலை. சென்னையிலிருந்து கொல்கத்தாவின் சால்ட் லேக் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட முழுதாக ஆகவில்லை.

காற்றோட்டம் சரி, குடிதண்ணீர் சரி. பாதிக்கப்பட்டவர்களிலிருந்தே ஆசிரியரை எடுக்க வேண்டும் என்ற விதியும் சரி. டீச்சர் சரிதா அந்தக் குடிசைகளில் வாழ்ந்தவள்தான். தமிழ்க்காரி வேறு, கேட்கவா வேண்டும்! மஹிமாவுக்கு மனசு குளிர்ந்துதான் இருந்தது, புத்தகங்களைப் பார்க்கும்வரை.

அத்தனையும் பழசு. பிள்ளைகள் பெயரெழுதி, அட்டை போட்டு, ஓரம் மடங்கிப்போனவை. ஒன்றில்கூடப் பொசுங்கிய வாடை இல்லை. இன்னொன்றைப் புரட்டியபோது காய்ந்த செண்டுமல்லி இதழ் மடியில் விழுந்தது. தட்டிவிட்டாள்.

"ஒரு தட்டுமுட்டுகூட மிஞ்சலன்னு சொன்னீங்க. காகிதம் மட்டும் எப்படிங்க தப்பிச்சுது? வேற எடத்துப் பசங்கள உக்கார வெச்சுக் கணக்குக் காட்டறீங்களா? நான் எழுதினா நாளைக்கே கொட்டகையைப் பிரிச்சுடுவாங்க, தெரியுமில்ல?"

சரிதாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அப்படிப் பண்ணிடாதீங்க மேடம்! இத விட்டா இதுங்களுக்குப் போக்கிடமே இல்ல. தீப்பிடிச்ச அன்னிக்கு சரஸ்வதி பூஜை."

"யாருக்குக் காது குத்தறீங்க? சரஸ்வதி பூஜை நவராத்திரியிலல்ல வரும்? தீப்பிடிச்சது போன மாசம்."

"அது நம்ம ஊர்ல மேடம். இங்க தை, மாசியிலதான். எல்லாப் பிள்ளைங்க புஸ்தகத்தையும் தெரு க்ளப் பசங்க போட்ட பந்தல்ல சாமி காலடியில அடுக்கிட்டோம். அன்னிக்குப் படிக்கக் கூடாதே! பந்தல் ரோட்டுக்கு அந்தப் பக்கம். நாங்க பொம்பளைங்க அங்க பிரசாதக் கிச்சடி கிளறிட்டிருந்தோம். நெருப்பு அதுவரைக்கும் வரல."

மஹிமாவுக்குக் கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது. இந்த ஊர்ப் பண்டிகை எப்போது என்றுகூடத் தெரியாமல், பச்சைப் பிள்ளைகள் முன்னால் என்ன பேச்சுப் பேசிவிட்டோம்!

"மன்னிச்சுக்குங்க சரிதா. பள்ளிக்கூடம் ஒண்ணும் ஆகாது. நல்லா நடத்தறீங்கன்னே எழுதறேன்."

சரிதா கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்துப் பேச்சை மாற்ற நினைத்தாள் மஹிமா. "உங்களுக்குக் குழந்தைங்க? இங்கதான் படிக்குதா?"

டீச்சரின் முகத்தைப் பார்த்த பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"ஒரே பொண்ணு. காய்ச்சல்னு அவள வீட்ல படுக்க வெச்சுட்டு, புஸ்தகத்த மட்டும் கொண்டுபோய்ச் சாமிகிட்ட வெச்சேன், மேடம்."