இரட்டை முடிச்சு

பாதயாத்திரைக்காக நாய்க்கு வாங்கிய காலணிகளை முன்னங்கால், பின்னங்கால் மாற்றிக் கட்டிவிட்டேன். பாவம், வாசற்படியில் குப்புற விழுந்தது. சட்டைப் பட்டனையே மாற்றிப் போடுகிற ஆள் நான். அதைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிடுவது மனைவியின் வேலை. நாயோடு நடந்தே போகவேண்டும் என்பதும் அவள் ஆசைதான். அவள் இறந்துபோனதால் அது என் தலையில் விழுந்தது.

உள்ளே போய் அதன் காயத்துக்கு மருந்து எடுத்துவந்தேன். பார்த்தால், அதற்குள் நான்கு காலணிகளும் சரியான கால்களில் இருந்தன. நாடாக்களில் அவள் போடும் இரட்டை முடிச்சு. நாய் யாருமில்லாத இடத்தைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் வேலையிலிருந்து வந்த மகள் குனிந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

"நானும் பட்டனை மாத்திப் போட்டுக்கிட்டு நின்னா, உங்கம்மா வருவாளா?" என்றேன்.

அம்மா பேச்சை எடுத்தாலே "சும்மா இருங்கப்பா" என்று நழுவுகிறவள், இன்று நேராகவே சொன்னாள்:

"மாட்டாங்கப்பா. அம்மா செத்துட்டாங்கன்னு நாய்க்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே."