சிலுவையும் தண்ணீர்த் தொட்டியும்

கரைக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னான் படகுக்காரன்.

"அலை அந்தப் பக்கமா வரும் சார்."

நாலு பேரும் நம்பித் திரும்பி உட்கார்ந்தார்கள்.

ரிசார்ட்டில் தங்கியிருப்பவர்கள். காலையிலிருந்து தூண்டில் போட்டும் ஒரு மீன் கடிக்கவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார்கள். போய்க் குறை சொன்னால் நாளை முதல் இந்தச் சவாரி வேறு படகுக்கு.

வேறு வழி தெரியவில்லை. அப்பா காட்டிய இடத்துக்குப் படகை விட்டான்.

கடலிலிருந்து பார்த்தால் கரையில் மாதா கோயில் சிலுவையும் உப்பளத்துத் தண்ணீர்த் தொட்டியும் ஒரே நேராக வரும் இடம். அடியில் பாறை. எங்கே மீன் இல்லாவிட்டாலும் அங்கே விளமீன் இருக்கும். தூரத்தில் வேறு படகு தெரிந்தாலே வழிமாறிப் போய்விடுவான்.

அப்பா இளையவனான இவனுக்கு மட்டும்தான் சொன்னார். மூத்தவன் கித்தேரியான் குடித்தால் உளறிவிடுவான் என்று பயம்.

அது தெரிந்த அன்றோடு அண்ணன் பேச்சை நிறுத்தியது. ஒன்பது வருஷம். அடுத்தடுத்த வீடு.

தூண்டில் இறங்கியதும் விளமீன்.

அடுத்தும் விளமீன்.

கூச்சல் போட்டார்கள். மீனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். ஒருவர்கூடக் கரைப்பக்கம் திரும்பவில்லை. அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை வேறொரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனான்.

அங்கே ஆறு படகுகள் நின்றன.

எல்லாவற்றிலும் ரிசார்ட் ஆட்கள்.

பக்கத்துப் படகுக்காரன் போனை உயர்த்திக் காட்டினான். போன வாரம் வந்தவர்களில் யாரோ மீன் படத்தோடு இடத்தையும் போட்டிருந்தார்கள். போன் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி சரியாகப் பாறையின்மேல் குத்தியிருந்தது.

நாலு பேரின் முகத்தைத் திருப்பியவன் நாலு போனை மறந்துவிட்டான்.

ஆறாவது படகில் அண்ணன்.

அண்ணன் கரையைப் பார்த்தது. தண்ணீரைப் பார்த்தது. இதுதான் அப்பாவின் இடம் என்று யாரும் சொல்லாமலே விளங்கிவிட்டது.

"போன் வச்சிருக்கவன் எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்குலே. எங்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்லா."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

நிற்க இடம் தேடினான். படகுகள் நெருக்கியடித்துக் கிடந்தன. அண்ணன் படகை ஒட்டித்தான் ஓர் இடைவெளி.

அண்ணன் தன் நங்கூரக் கயிற்றை இழுத்து, தம்பிக்கு இடம் விட்டுப் படகை இன்னும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டது.