பஃப் கை வைத்த கவுன்

“எங்கப்பா டெய்லரு, அவரே தைச்சுக் குடுத்துருவாருன்னு டீச்சர்கிட்டச் சொல்லிட்டேன்ப்பா!”

மூன்றாம் வகுப்பு வேல்விழி வெள்ளைச் சாட்டின் துணியை அப்பாவின் மடியில் போட்டாள். வெள்ளிக்கிழமை பள்ளி ஆண்டு விழா. அவள் தேவதையாக ஆடுகிறாள். தேவதைக்குக் கணுக்கால் வரை கவுன், கழுத்தில் லேஸ், இடுப்பில் சுருக்கம், பஃப் கை.

அப்பா பெரியகருப்பன் வாயில் இருந்த காபி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

“கடையில குடுத்துருவோமாத்தா?” என்றார் மெதுவாக.

“டெய்லர் வீட்டுத் துணியக் கடையில குடுக்கிறதா? தெருவே சிரிக்கும்,” என்றாள் மனைவி அனுசுயா, வெங்காயம் உரித்தபடி. “பொண்ணு கேட்டு வந்தப்ப எங்கய்யாகிட்ட என்ன சொன்னீக? ‘என் கை படாம எங்க கம்பெனியில ஒரு துணி வெளிய போகாது மாமா’ன்னு சொன்னீகளா இல்லையா?”

சொன்னார். அது பொய்யும் இல்லை. பனியன் கம்பெனியில் ஒருவருக்கு ஒரு வேலைதான். ஒருவர் கழுத்து, ஒருவர் தோள், ஒருவர் பட்டி. உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்த பெரியகருப்பனுக்கு வாய்த்தது கை மூட்டும் வேலை. பதினோரு வருடத்தில் அவர் மூட்டிய கைகளை வரிசையாகப் போட்டால் பெருமாநல்லூரில் தொடங்கி, தாராபுரத்தில் டீ குடித்துவிட்டு, மூலனூர் முருங்கைக்காய்ச் சந்தையையும் ஒரு சுற்றுச் சுற்றி வரும். ஆனால் கையைத் தவிர மற்றதெல்லாம் அவருக்கு யாரோ பெற்ற பிள்ளை. ஒரு முழுச் சட்டையை அவர் போட்டுத்தான் பழக்கம், தைத்துப் பழக்கமில்லை.

வேல்விழியின் வகுப்பில் முப்பது பேர். இருபத்து மூன்று பேருடைய அப்பா டெய்லர். அதில் முழுத்துணி தைக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று கேட்க ஹெட்மாஸ்டருக்கே தைரியம் கிடையாது.

“அதுக்கில்ல. டாலர் விழுந்து ஏத்துமதி கொறஞ்சு கம்பெனியே வாரத்துல பாதி நாள்தான் ஓடுது. மனசு சரியில்ல,” என்றார் பெரியகருப்பன்.

“அதான் நானும் வேலைக்கிப் போறேங்கிறேன். தையல் கத்துக்கிட்டா...”

“தையல்னா என்னன்னு நெனச்ச? கைக்கு வசப்படவே பத்து வருசமாகும். நீ வெங்காயத்த உரி.”

வேல்விழி அப்பாவை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் அவர் கடவுளுக்கு ரெண்டு படி மேலே இருந்தார். அங்கிருந்து இறங்க மனசு வருமா?

“வியாழக்கெழம கவுன் வரும்,” என்றார். தைப்பேன் என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மறுநாள் காலை, அளவுக்கு ஒரு பழைய கவுனோடு துணி டிபன் பைக்குள் ஒளிந்து, நாலு தெரு தள்ளி இருந்த வெள்ளியங்கிரியின் தையல் கடைக்குப் போனது.

வெள்ளியங்கிரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சட்டையெல்லாம் பனியன் தூசிங்க. நீங்களும் டெய்லருங்களா?”

“கம்பெனி டெய்லர்.”

“அப்படீங்களா. கழுத்துங்களா, பட்டீங்களா?”

“கை.”

வெள்ளியங்கிரி சிரிக்கவில்லை. டாக்டர் மாதிரி தலையாட்டினார். “போன மாசம் ஒருத்தரு வந்தாருங்க. பதினாறு வருசமா காலர் மட்டுமுங்க. மச்சினன் கல்யாணத்துக்குச் சட்டை தைச்சுத் தர்றேன்னு வாய விட்டுட்டு, இதே பெஞ்சுல உக்காந்து அழுதாருங்க. நீங்க எவ்வளவோ தேவலைங்க. நூத்தம்பது ஆகுமுங்க.”

“வீட்டுக்குத் தெரியக் கூடாது.”

“உங்க ஊடு எங்கிருக்குதுன்னே எனக்குத் தெரியாதுங்க. தைரியமாப் போங்க.”

வியாழன் மாலை கவுனை வாங்கிக்கொண்டு, வழியில் ஒரு மரத்தடியில் நின்று தலைமுடியைக் கலைத்துக்கொண்டார். சட்டையில் நாலு வெள்ளை நூலை ஒட்டிக்கொண்டார். கட்டை விரலில் குண்டூசியால் ஒரு குத்தும் குத்திக்கொண்டார். உழைப்பு என்றால் ரத்தம் தெரிய வேண்டும்.

“மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல உக்காந்து தைச்சேன்,” என்று நீட்டினார்.

வேல்விழி போட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். வீடே வெள்ளையாகிவிட்ட மாதிரி இருந்தது. “எங்கப்பா தைச்சது! எங்கப்பா தைச்சது!” என்று தெருவெல்லாம் ஓடிக் காட்டிவிட்டு வந்தாள்.

அனுசுயா கவுனை வாங்கி உட்புறம் திருப்பிப் பார்த்தாள். “கழுத்து பிரமாதம்.”

“ம்.”

“இடுப்புச் சுருக்கம் எம்புட்டு அழகு!”

“ம்ம்.”

“கைதான் சகிக்கல. ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு, ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு.”

வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தார். உண்மை. வேறு எதில் குறை சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பார். கையிலா? அவர் வீட்டுத் துணியிலா?

“ஊசி நூலைக் கொண்டா!”

ரெண்டு கையையும் பிரித்தார். தோள் நடுவையும் கை நடுவையும் சேர்த்துப் பிடித்துக் குண்டூசி குத்தினார். அங்கிருந்து இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று சுருக்கத்தைச் சீராக இழுத்துவிட்டுக் கையாலேயே தைத்தார். அனுசுயா வெங்காயத்தை மறந்து, அடுப்பை மறந்து, பக்கத்தில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தாள். முக்கால் மணி நேரத்தில் பஃப் கை ரெண்டும் பூரி மாதிரி உப்பி நின்றன.

“பாத்தியா? கைன்னா இப்படி இருக்கணும்.”

“பாத்தேன், பாத்தேன். வெள்ளியங்கிரி அண்ணன் கடையில ஆறு மாசமாப் பகல்ல போயித் தைக்கிறேன், இந்தக் கவுனும் நான் தைச்சதுதான், கழுத்து இடுப்பெல்லாம் வந்துருச்சு, இந்தக் கை மட்டுந்தான் எனக்கு மூட்ட வரமாட்டேங்குது,” என்றாள் அனுசுயா. “இன்னொருக்கா மெதுவாச் செஞ்சு காட்டுங்க.”