நல்லது, சுமார், மட்டம்

“அலமாரிக்குத் தரம் என்ன போட, செட்டியாரே? நல்லது, சுமார், மட்டம். மூணுல ஒண்ணு சொல்லுங்க லா.”

செட்டியார் வீட்டுக் கூடத்தில் கணேசமூர்த்தி விரலைக் கம்ப்யூட்டர் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தான். தானம் கொடுத்த வீட்டுச் சாமானின் வயதையும் தரத்தையும் தட்டினால் விலை சொல்லும் புரோகிராம் அது. வரிக்கணக்கு பார்க்கிற அவன் சிரம்பானில் புதிதாகக் கடை போட்டிருந்தான். அந்த ஊர் லோபாக் பகுதியில் இருக்கும் கண்ணப்பன் செட்டியார்தான் முதல் பெரிய புள்ளி. சாமான்கள் காலையிலேயே லோரி ஏறி, லுக்குட் பக்கத்து எஸ்டேட் பிள்ளைகள் இல்லத்துக்குப் போய்விட்டன.

“நல்லதுன்னு போடு. அசல் தேக்கு!” என்றார் செட்டியார்.

காபி கொண்டுவந்த மருமகள் செல்லம்மை மெல்லக் கேட்டாள்.

“மாமா, தீபாவளிக்காவது தம்பின்ல இருக்கிற எங்க வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவைப் பார்த்துட்டு வரட்டுமா?”

“ஆரம்பிச்சிட்டியா? உங்கப்பன் என்னை ஏமாத்தினவன். அந்த வாசலை நீ மிதிக்கவே கூடாது.”

கல்யாணமானதிலிருந்து அவள் தாய் வீட்டுப் பக்கமே போனதில்லையாம். கணேசமூர்த்திக்குப் பாவமாக இருந்தது. ஆனால் சோறு போடுகிறவரிடம் நியாயம் பேச முடியுமா? வேலையைப் பார்த்தான்.

“அலமாரி வயசு?”

“மூணு வருஷம், அண்ணே” என்றாள் செல்லம்மை. “ஆனா கதவு மூடாதுன்னு சொல்வீங்களே, மாமா?”

“நான் எப்ப சொன்னேன்? விரல் பட்டாலே மூடிக்கும்!”

“தையல் மெஷின்?”

“நல்லது.”

“ஊசி ஓடாதுன்னு...”

“உனக்கென்ன தெரியும்? சும்மா பறக்கும்!”

கட்டிலுக்கும் அதே கதை. கணேசமூர்த்திக்கு எரிச்சலாக வந்தது. நல்ல நேரம் பார்த்து இந்தப் பெண் குட்டையைக் குழப்புகிறாளே!

கடைசியில் கம்ப்யூட்டர் காட்டிய தொகையைப் பார்த்துச் செட்டியாரின் வாயெல்லாம் பல்.

“வரியில நல்லாக் கழியும் போலிருக்கே!”

“சாமானெல்லாம் நல்ல தரம்னு இந்தத் தாள்ல கையெழுத்துப் போடுங்க, கழிச்சுப் பார்ப்போம்.”

மறுபேச்சில்லாமல் போட்டார்.

“அண்ணே, அந்தத் தாளுக்கு எனக்கும் ஒரு நகல் எடுத்துக் குடுங்க” என்றாள் செல்லம்மை. “தம்பினுக்குக் கொண்டுபோறேன்.”

“எவன் உன்னைப் போகச் சொன்னான்?” என்று சீறினார் செட்டியார்.

“நீங்கதான், மாமா. மட்டமான சீர் போட்டு ஏமாத்திட்டார்னுதானே எங்கப்பா வாசலை மிதிக்காதேன்னீங்க? இன்னைக்கு லோரியில போனது பூரா அந்தச் சீர்தானே!”