கால் படாத இடம்

முதல் வெட்டு வழுக்கிக்கொண்டு போனது.

மரம் வதனியின் கைப் பருமன்கூட இல்லை. ஆனாலும் ரூபனின் கோடாலி கல்லில் பட்டதுபோலத் துள்ளியது.

"இரும்போ இது, சனியன்!"

படிக்கட்டில், பூச்சட்டியோடு சாய்த்து வைத்த போனுக்குள் மாமி, ரூபனின் தாய், இருந்தா. யாழ்ப்பாணத்தில் பொழுதுபட்டு விளக்கு வைத்தாயிற்று. இங்கே கனடாவில், ஸ்காபரோவில், ஞாயிறு காலை. முற்றத்துப் பனி பாதி கரைந்து சேறாய்க் கிடந்தது.

"நல்லா அடியில பார்த்துக் கொத்து, ரூபன்."

மார்கழியில் வீடியோவில் மரத்தைக் கண்ட நாளிலிருந்து மாமிக்கு இதே கதைதான். இலையெல்லாம் காய்ந்து மண்ணிறமாய் நிற்கிறது. ஒன்றுகூட உதிரவில்லை. ஊரில் அப்படி நின்றால் அது பட்ட மரம். வாசலில் பட்ட மரம் நின்றால் பிள்ளை எப்படித் தங்கும்?

பிள்ளை தங்கவில்லைத்தான். ஐப்பசியில், எட்டாம் மாதத்தில், அழாமல் பிறந்தாள்.

வதனி எத்தனை தரம் சொல்லிப் பார்த்தாள்! வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த கிழமை இரண்டு பேருமாகப் போய் வாங்கி வந்த மரம். பெயர் ஹார்ன்பீம். நர்சரிக்காரி படித்துப் படித்துச் சொன்னவள். குட்டி மரம், சின்ன முற்றத்துக்கு இதுதான் சரி. ஆறுதலாய் வளரும். நிழலில் நிற்கும், ஆனால் வேர் காயக் கூடாது. குளிரில் இலை காயும், விழாது. புதுத் துளிர் வந்து தள்ளினால்தான் விடும்.

பக்கத்தில் நின்று அவனும் கேட்டவன்தான். தாய் வாய் திறந்ததும் எல்லாம் மறந்து போயிற்று.

இரண்டாவது வெட்டு பட்டையைப் பிளந்தது.

மூன்றாவதுக்கு ஓங்கியபோது அவள் பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள். முழங்கையால் ஒரே தள்ளு. படியின் விளிம்பில் அவள் வாய் அடிபட்டது. உதடு வெடித்து நாக்கில் உப்புக் கரித்தது.

"அவளை விடு. நீ மரத்தைப் பார்" என்றது போன்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று. நான்கு. ஐந்து.

பல்லைக் கடித்துக்கொண்டு கொத்தினான். மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில்கூட அழாதவன், இப்போது மாடு மாதிரிக் கத்தி அழுதுகொண்டு கொத்தினான்.

ஆறாவது வெட்டு ஓங்கியபடியே நின்றுவிட்டது.

வெட்டுவாயிலிருந்து தண்ணீர் வந்தது. தெளிந்த தண்ணீர். பட்டை வழியே நூலாய், நிற்காமல் இறங்கியது.

"என்னடி இது?"

அவள் இரத்தத்தைத் துப்பினாள்.

"உயிர் இருக்கிறதிலதானப்பா வரும். எனக்கும் வந்தது. பதினொரு நாள். குடிக்கப் பிள்ளை இல்லை. கால் படுற இடத்தில தாய்ப்பாலை ஊத்தக் கூடாதெண்டு உங்கட அம்மாதான் போனில சொன்னவ. இதின்ர அடியிலதான் ஊத்தினனான்."

கோடாலி அவன் கையிலிருந்து நழுவியது.

"விழுந்திட்டுதோ தம்பி? ஏன் பேசாமல் நிக்கிறாய்?"

வதனி குனிந்து கோடாலியை எடுத்தாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். கோடாலி எங்கே இறங்கப் போகிறது என்று ஒரு கணம் அவளுக்கே தெரியவில்லை. அவன் விலகவும் இல்லை.

படிக்குப் போனாள்.

ஒரே போடு. மரம் மாதிரி இல்லை, போன் சுகமாய் உடைந்தது.

இன்னொன்று தேவையே இல்லை. ஆனாலும் போட்டாள்.

திரும்பியபோது அவன் சேற்றில் முழங்காலில் இருந்தான். மரத்திலிருந்து வழிந்த தண்ணீர், ஆட்கள் நடந்து வரும் சிமெந்துப் பாதைப் பக்கமாய் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக்கொண்டிருந்தான்.

கோடாலியை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை.

அவன் கை நிறைந்துவிட்டது. எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் அவளைப் பார்த்தான்.