ஏஞ்சல் மீனுக்குத் தனியறை

“செருப்பை வெளியிலேயே விட்டுடுங்க தம்பி. இருமல் வர்ற மாதிரி இருந்தா இப்பவே இருமிடுங்க. உள்ள இருமக் கூடாது.”

வண்ணமீன் கடைக்காரர் கடமைக்கு ஒருமுறை இருமிவிட்டு, டைம்கீப்பரின் பின்னால் அறைக்குள் நுழைந்தார். கதவு உடனே சாத்தப்பட்டது.

டைம்கீப்பர் என்பது பழைய வேலை, பெயராகவே ஒட்டிக்கொண்டது. பஸ் டிப்போவில் விசில் ஊதி வண்டிகளைக் கிளப்பியவர். ஓய்வு பெற்றதும் கிளப்புவதற்கு ஒன்றும் இல்லாமல், வீட்டிலேயே மீன் குஞ்சு பொரிக்கும் அறை ஒன்றை ஏற்பாடு செய்தார். ஊரில் உள்ள கடைகளுக்கெல்லாம் இனி தன் வீட்டுக் குஞ்சுதான் என்று உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லியும்விட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. இப்போது போனை எடுத்தால், “என்ன மாமா, முட்டை போட்டாச்சா?” என்று கேட்கிறார்கள், ஏதோ அவரே போட வேண்டியது போல.

சுவரோரம் இரும்பு ஸ்டாண்டில் கண்ணாடித் தொட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. பிறக்கப்போகும் குஞ்சுகளுக்காக வாங்கியவை. தண்ணீரைத் தவிர அவற்றில் ஒன்றும் இல்லை. நடுத்தொட்டியில் மட்டும் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன்கள், ஆளுக்கொரு மூலையைப் பார்த்தபடி மிதந்துகொண்டிருந்தன. ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க ஹீட்டர். முட்டை ஒட்டுவதற்குச் சாய்த்துவைத்த சிலேட்டு.

“எல்லாம் சரியாத்தானே சார் பண்ணியிருக்கீங்க!” என்றார் கடைக்காரர்.

“சத்தம் கூடாதுன்னீங்க. மிக்ஸியை நிறுத்தினேன். டிவியை ஊமையாக்கினேன். வீட்ல எல்லாரும் சைகையிலதான் பேசறோம் தம்பி. எம் பொண்டாட்டி அதுலயும் என்னைத் திட்டறா.”

கதவு மெதுவாகத் தட்டப்பட்டது.

“மாமா, டாக்டர்கிட்ட கிளம்பறோம். பீரோவுல இருக்கற அந்தப் பச்சைப் புடவை மட்டும் வேணும்...” மருமகளின் குரல் ரகசியம் போல வந்தது.

டைம்கீப்பர் நுனிக்காலில் நடந்துபோய்ப் புடவையை எடுத்து, கதவிடுக்கு வழியாக நீட்டினார். “பீரோவை நகர்த்த முடியலை தம்பி, வாசல்ல நுழையாது. இல்லேன்னா இங்க இன்னும் நாலு தொட்டி வைக்கலாம்.”

“வீட்ல யாருக்கு சார் உடம்பு சரியில்லை?”

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மகனுக்குக் கல்யாணமாகி வருஷம் ஓடிப்போச்சு, இன்னும் ஒரு விசேஷமும் இல்லைன்னு எம் பொண்டாட்டிக்குக் கவலை. ரெண்டு பேரையும் காட்டக் கூட்டிட்டுப் போறா. எங்க வீட்டுக்கு போன் பண்றவங்க கேட்கறதே ரெண்டு கேள்விதான். ரெண்டுக்கும் ஒரே பதில்தான் சொல்றோம்.”

கடைக்காரர் குனிந்து மீன்களையே பார்த்தார்.

“நல்ல ஜோடி சார். இளசு. குறையே சொல்ல முடியாது. ஆமா, இந்த ஸ்டூல் எதுக்கு?”

“நான் உட்கார.”

“எப்ப உட்காருவீங்க?”

“காலையில காபி குடிச்சதும்.”

“எப்ப எழுந்திருப்பீங்க?”

டைம்கீப்பர் யோசித்தார். “சாப்பிடக் கூப்பிட்டா எழுந்திருப்பேன்.”

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “பெரியவர் ஒருத்தர் பக்கத்துலயே இருந்து, எப்ப எப்பன்னு பார்த்துக்கிட்டே இருந்தா, அதுங்களுக்குக் கூச்சமா இருக்காதா சார்?”

“மீனுக்கா?”

“மீனுக்கும்தான்.”

டைம்கீப்பர் தலையில் அடித்துக்கொண்டார், சத்தம் வராமல். “கோளாறு என்கிட்டதானா! பஸ் நகர்ற வரைக்கும் பக்கத்துலயே நின்னு பழகிப்போச்சு தம்பி. இங்க விசில் ஊதாதது ஒண்ணுதான் பாக்கி.”

“கதவைச் சாத்திட்டு மறந்துடுங்க. அதுங்க பாட்டுக்கு இருக்கட்டும்.”

கடைக்காரர் போனதும், டைம்கீப்பர் ஸ்டூலைத் தூக்கிவந்து ஹாலில் போட்டு உட்கார்ந்தார். மதியம் மூவரும் டாக்டரிடமிருந்து திரும்பியபோது அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“காரணம் தெரிஞ்சுபோச்சு! நம்ம ஜோடிகிட்ட ஒரு குறையும் இல்லையாம்!”

மனைவி திகைத்து நின்றாள். “உங்களுக்கு யார் சொன்னா? டாக்டரம்மாவும் இப்ப அதையேதான் சொன்னாங்க.”

“நான் மீனைச் சொன்னேன்.”

“நான் மனுஷங்களைச் சொன்னேன்.”

மருமகள் விறுவிறுவென்று சமையலறைக்குள் புகுந்துகொண்டாள். மகன் சுழலாத ஃபேனை அண்ணாந்து ஆராய்ந்தான்.

“மருந்து, மாத்திரை ஏதாவது?” என்றார் டைம்கீப்பர்.

“ஒண்ணும் எழுதலை. ராத்திரி எங்க படுக்கறீங்கன்னு மட்டும் கேட்டாங்க. உங்க பிள்ளை உள்ளதை உள்ளபடி சொல்லிட்டான். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க, முகத்தை எங்க வச்சுக்கறதுன்னே தெரியலை.”

“அப்படி என்னதான் சொன்னான்?”

“‘எங்க ரூமை அப்பா மீனுக்கு எடுத்துக்கிட்டதுல இருந்து ஹால்லதான் டாக்டர், வரிசையா நான், அப்பா, அம்மா, அந்தக் கடைசியில இவ’ன்னான்.”