சேற்றில் விழுந்த இரண்டு சாவிகள்

“பைபிள் மேல சத்தியமாச் சொல்லுதேன் மேடம், இதுல ஒரு வார்த்தகூடப் பொய் கிடையாது” என்றான் டெல்வின்.

எம்.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன் சத்தியம் செய்துவிட்டால் நம்பத்தான் வேண்டும். கல்லூரி பிரின்சிபால் மீனாட்சியம்மாளும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

விஷயம் இதுதான். ஐப்பசி முதல் திங்கள்கிழமை கேம் தியரி தேர்வு. எதிராளி என்ன செய்வான் என்று முன்கூட்டியே கணித்துக் காய் நகர்த்தும் சாமர்த்தியத்தைச் சொல்லித் தருகிற பாடம். அந்த வருஷம் அதை எடுத்தவன் டெல்வின் ஒருவன்தான். நடத்தியவர் சென்னையிலிருந்து வந்த பேராசிரியர் சுந்தரபாண்டியன். தேர்வு அறைக்கு எழுத வேண்டியவனும் வரவில்லை, வினாத்தாள் கொண்டுவர வேண்டியவரும் வரவில்லை. டி.வி.யில் அன்றைக்குக் கிரிக்கெட் மேட்ச்.

மீனாட்சியம்மாள் இருவரையும் தனித்தனியாக விசாரித்தார். முதலில் டெல்வின்.

“ஒன் வாத்தியாரு வீட்ல மேட்ச் பாத்துக்கிட்டு இருந்தாருன்னு ஒரு வரி எழுதிக் குடு. நாளைக்கே ஒனக்குப் பரீட்சை வைக்கேன். நீ எழுதாம, அவரு ஒன்னயப் பத்தி எழுதிட்டாருன்னு வையி, ஒரு வருஷம் போச்சு.”

டெல்வின் எழுதவில்லை. நடந்ததைச் சொன்னான்.

புதியம்புத்தூரிலிருந்து மினி பஸ்ஸில் வந்தானாம். பசுவந்தனை அருகே ஒரு வண்டி மட்டும் போகிற தார் ரோடு. ராத்திரி மழையில் இரண்டு பக்கமும் கரிசல் களியாய்க் கிடந்தது. தாரை விட்டு இறங்கினால் அச்சு வரை புதையும். எதிரே ஒரு வெள்ளை அம்பாசிடர். பஸ் டிரைவர் வேல்சாமியும் இறங்க மாட்டார், காரும் நகராது. அப்போதுதான் டெல்வினுக்குப் பாடம் ஞாபகம் வந்தது: பின்வாங்க வழியே இல்லாமல் தன்னைத்தானே கட்டிப் போட்டுக்கொள்கிறவன்தான் ஜெயிப்பான். பஸ் சாவியைப் பிடுங்கி, எதிராளி பார்க்கச் சேற்றில் வீசினான். அதே நொடியில் கார் ஜன்னலிலிருந்தும் ஒரு சாவி பறந்ததாம். இரண்டையும் கரிசல் விழுங்கிவிட்டது. தேடப் போன கண்டக்டரின் செருப்பே இன்னும் வெளியே வரவில்லை.

“மழை பலமோ?” என்று மட்டும் கேட்டார் மீனாட்சியம்மாள்.

“கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு மேடம்.”

அடுத்தது சுந்தரபாண்டியன். அவருக்கும் அதே பேரம்: பையனைக் காட்டிக் கொடுத்தால் அவர் வேலைக்கு ஆபத்தில்லை. அவரும் காட்டிக் கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட பேரத்தில் காட்டிக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்கிற பாடப் புத்தகத்துக்கே அது அவமானம். இருக்கிற ஒரே மாணவன் பிந்திவிடக் கூடாதே என்று, வாடகைக் காரில் அவனைக் கூட்டிவரப் போனாராம். வெள்ளை அம்பாசிடர், மினி பஸ், பறந்த சாவிகள், கண்டக்டரின் செருப்பு வரை ஒன்றுகூடப் பிசகவில்லை. மழையைப் பற்றிக் கேட்டதற்கு, இடியும் இடித்தது என்று கூடுதலாக ஒரு தகவல் தந்தார்.

மீனாட்சியம்மாள் இருவரையும் ஒன்றாக நிற்க வைத்தார்.

“கூட்டிட்டு வரப் போனவிய, அவன் வந்த பஸ்ஸயே மறிச்சிருக்கீங்க. இவன் வாத்தியாரு காரையே மறிச்சிருக்கான். மாட்டுவண்டிக்காரன்னா இந்நேரம் ஒதுங்கிப் போயி வீட்ல சாப்பிட்டிருப்பான். இதுக்கு எம்.ஏ. ஒரு கேடு.”

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். திட்டு விழுந்துவிட்டால் தப்பித்தாயிற்று என்றுதான் அர்த்தம்.

“நீங்க சொல்லி நான் எழுதுனத இன்னொரு மட்டம் படிச்சுப் பாத்துக்கிடுங்க. மாத்தணும்னா இப்பமே மாத்திரலாம்.”

ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம் என்றார் பேராசிரியர். எதிராளியின் மனதைக் கணிப்பதில் அவருக்கு இருபது வருஷ அனுபவம். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மீனாட்சியம்மாளுக்குப் பசுவந்தனையில் ஏழு ஏக்கர் கரிசல் உண்டு. அந்த வருஷம் புரட்டாசியிலும் ஐப்பசியிலும் ஒரு பொட்டு மழை விழாமல், விதைக்க வாங்கிய பருத்தி விதை அவர் வீட்டில் மூட்டை பிரிக்காமலே கிடந்தது.